டெக்கு ஏன் கேசட்டைத் துப்புகிறது?

வீடியோ டெக்கோட வரலாறுன்னு யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான் வரும். சோனியின் பீட்டாமேக்ஸ் ஒரு பக்கம், ஜேவிசியின் விஹெச்எஸ் இன்னொரு பக்கம், ரெண்டும் மோதிக்கிட்டதில் படம் நல்லா இருந்த பீட்டா தோற்றுப்போன கதை. எம்பிஏ படித்த நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால் நாலு தடவையாவது கேட்டிருப்பீர்கள். அஞ்சாவது தடவையாக நானும் சொல்லிப் படுத்தப் போவதில்லை.

இந்தப் பதிவு வேறொரு மேட்டர் பற்றி. கேசட்டை உள்ளே தள்ளியதும் 'கர்ர்... டக்' என்று ஒரு சத்தம் வரும், ஞாபகம் இருக்கிறதா? கேசட்டுக்குள் இருக்கும் டேப்பை வெளியே இழுத்து, சுழலும் ஹெட் டிரம்மைச் சுற்றிப் போர்த்துகிற சத்தம் அது. மெக்கானிக்குகள் அதை 'லோடிங்' என்பார்கள். டெக்குக்குள்ளே இருக்கும் ஒரு சின்ன இயந்திரக் கை அது. பழைய டெக்கு மக்கர் பண்ணும்போது பெரும்பாலும் முதலில் கையை விரிப்பது இந்தக் கைதான் :)

ஏன் இப்போ இதைப் பேசணும்? பரணில் கல்யாணக் கேசட் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. எங்கேயோ ஒரு பழைய டெக்கைத் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்க்கிறார்கள். டெக்கு கேசட்டைத் துப்புகிறது. "கேசட் போயிடுச்சு போல" என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போனது பல நேரம் கேசட் இல்லை, அந்தக் கை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

இழுக்க வேண்டிய கட்டாயம் என்ன?

பாட்டுக் கேசட்டை நினைத்துப் பாருங்கள். 1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்தது. அதில் டேப் வெளியே வருவதே இல்லை. ஹெட்தான் முன்னால் நகர்ந்து வந்து, கேசட்டின் வாயில் இருக்கும் டேப்பைத் தொட்டுக்கொள்ளும். டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், பாட்டு கேட்கும்.

படம் அப்படி இல்லை. காதுக்கு வேண்டியது அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வுகள். தொலைக்காட்சிப் படத்துக்கு அது லட்சக்கணக்கில் வேண்டும். அவ்வளவையும் காந்த நாடாவில் எழுத வேண்டுமானால் ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவில் பயங்கர வேகம் வேண்டும்.

முதலில் வந்த யோசனை ரொம்ப நேரானது: டேப்பையே வேகமாக ஓட்டு! பிபிசி பொறியாளர்கள் 'வெரா' என்ற இயந்திரத்தைச் செய்தார்கள். 1958-ல் 'பனோரமா' நிகழ்ச்சியில் அதைக் காட்டினார்கள். டேப் நொடிக்கு 200 அங்குலம், அதாவது சுமார் 5 மீட்டர் ஓடும். ஏறக்குறைய அரை மீட்டர் அகலச் சக்கரத்தில் கிலோமீட்டர் கணக்கில் டேப் சுற்றியிருந்தும் கால் மணி நேரம்தான் பதிய முடிந்தது. ஓடும்போது டேப் அறுந்தால் பக்கத்தில் நிற்கிறவர் பாடு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெராவுக்கு முன்பே அமெரிக்காவில் அதற்கு மாற்று வந்துவிட்டது. 1956 ஏப்ரலில் ஆம்பெக்ஸ் நிறுவனம் சிகாகோவில் தன் வீடியோ ரெக்கார்டரைக் காட்டியது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான குழு. பின்னாளில் தியேட்டர் ஒலியில் பெயர் வாங்கிய ரே டால்பியும் அந்தக் குழுவில் இருந்தவர்தான். அவர்கள் செய்த தந்திரம் இது: டேப் மெதுவாகப் போகட்டும், ஹெட்டைச் சுழற்று. நாலு ஹெட் பொருத்திய சக்கரம் நிமிடத்துக்கு 14,400 தடவை சுற்றும். 2 அங்குல அகல டேப் நொடிக்கு 15 அங்குலம்தான் நகரும். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சிபிஎஸ் தன் செய்தியை இந்த டேப்பிலிருந்து ஒளிபரப்பியது.

இதற்கு ஒரு விலை இருந்தது. ஹெட் சுழல வேண்டுமென்றால் டேப் அதன் மேல் வளைந்து, இம்மி பிசகாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஆம்பெக்ஸ் இயந்திரத்தில் காற்றை உறிஞ்சி டேப்பைக் குழிவாக வளைத்துப் பிடித்தார்கள். டேப்பைக் கோர்க்க ஒரு தேர்ந்த ஆள் வேண்டும். டிவி நிலையத்தில் அதற்குச் சம்பள ஆள் உண்டு. வீட்டில்?

கோர்க்கத் தெரியாதவருக்கு ஒரு கை

அடுத்த படி சாய்வாக எழுதுவது. 1959-ல் டோஷிபாவில் நோரிகாசு சவாசாகி காட்டிய முறை இது. டேப்பை ஒரு உருளையைச் சுற்றிச் சாய்வாகப் போர்த்தினால், சுழலும் ஹெட் டேப்பின் குறுக்கே நீளமான சாய்ந்த கோடு போடும். அப்படி ஒரு கோட்டிலேயே படத்தின் ஒரு 'ஃபீல்டு' முழுவதையும் அடக்கிவிடலாம். வீட்டு வீடியோவுக்கு வழி திறந்தது இதில்தான்.

ஆனால் 1965-ல் வீட்டுக்கென்றே சோனி கொண்டுவந்த சிவி-2000 கூட ரீல் வைத்த இயந்திரம்தான். டேப் நுனியைப் பிடித்து, இந்தப் பக்கம் நுழைத்து, அந்தப் பக்கம் சுற்றி, காலி ரீலில் மாட்ட வேண்டும். ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி. எண்ணெய்க் கை, குழந்தையின் ஐஸ்கிரீம் கை, எல்லாம் டேப்பில் படும். வீட்டுச் சாமான் ஆகவேண்டுமென்றால் மனிதக் கை டேப்பைத் தொடவே கூடாது. அப்போ அந்த வேலையை இயந்திரம் செய்தாக வேண்டும்.

1971-ல் கடைக்கு வந்த சோனியின் யூ-மேட்டிக்கில் அந்த இயந்திரக் கை இருந்தது. முக்கால் அங்குல டேப். கேசட்டைப் போட்டதும் ஒரு பெரிய வளையம் டிரம்மைச் சுற்றித் திரும்பி டேப்பை இழுத்துப் போர்த்தும். மேலிருந்து பார்த்தால் டேப் ஆங்கில 'யு' எழுத்து மாதிரி இருக்கும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1975-ல் வந்த பீட்டாமேக்ஸிலும் கிட்டத்தட்ட இதே வளைய முறை.

ஜேவிசியில் ஷிசுவோ தகானோ, யூமா ஷிரைஷி இருவரும் தனியாக ஒரு முயற்சியில் இருந்தார்கள். 1971-லேயே ஷிரைஷி வீட்டு வீடியோவுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் விலை, சுலபமாகச் செய்து தரும் வசதி, பழுது பார்க்கும் வசதி எல்லாம் இருந்தன. 1976-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஹெச்ஆர்-3300 என்ற முதல் விஹெச்எஸ் டெக்கில் வளையம் கிடையாது. இரண்டு சின்னத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம். ஒன்று இடது பக்கமாக, ஒன்று வலது பக்கமாக டேப்பை இழுத்துக்கொண்டு போய் டிரம்முக்கு அந்தப் புறம் நிற்கும். மேலிருந்து பார்த்தால் 'எம்' எழுத்து. அதனால் 'எம் லோடிங்'.

டேப் போகும் பாதையில் திருப்பங்கள் கூர்மையானவை. ஆனால் அடைத்துக்கொள்ளும் இடம் குறைவு, வேலையும் எளிது. பீட்டாவில் அப்போது ஒரு மணி நேரம், இதில் இரண்டு மணி நேரம். யார் ஜெயித்தது என்ற கதை உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. நம்ம ஊர் பேல் முறை டெக்கில் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் நொடிக்கு 25 தடவை சுற்றும். ஹெட்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.9 மீட்டர். வெராவின் டேப் வேகமும் கிட்டத்தட்ட அதேதான்! ஆனால் இங்கே டேப் நகர்வது நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் மட்டும். இருநூறு மடங்குக்கும் மேல் டேப் மிச்சம். பெரிய சக்கரத்துக் கால் மணி நேரம் போய், கையடக்கக் கேசட்டில் மூணு மணி நேரம் வந்தது இப்படித்தான்.

நம்ம ஊருக்கு வந்த டெக்கு

1982 டெல்லி ஆசிய விளையாட்டோடு இங்கே கலர் டிவி வந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் டெக்கும் வந்தது. சென்னை பர்மா பஜாரில் கிடைத்தது. வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு ராத்திரிக்கு டிவி, டெக்கு, மூணு படம். சடங்கு வீடு, கோயில் கொடை, பொங்கல் எதுவானாலும் தெருவே பாய் விரித்து உட்கார்ந்துவிடும். கொசுவத்தி சுத்தினால் பதிவு எங்கேயோ போய்விடும், நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வாடகை டெக்குகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சைக்கிள் கேரியரில் ஊர் ஊராகப் போய், தேய்ந்த கேசட்டுகளை விடிய விடிய ஓட்டி, புழுதியைத் தின்று வாழ்ந்தவை. படத்தில் புள்ளி விழுந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத்தாளை வைத்து ஹெட்டைத் துடைப்பார்கள். இப்படி உழைத்த காலத்தில் அவற்றின் லோடிங் அவ்வளவாகச் சிக்கல் தரவில்லை. சும்மா கிடந்த பிறகுதான் தந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1976 டெக்கில் பியானோ கட்டை மாதிரி பட்டன்கள், அழுத்தினால் நெம்புகோல் நகரும். 80-களில் கேசட்டை முன்புறம் நுழைக்கும் டெக்கும், எல்லாவற்றையும் மேய்க்கும் மைக்ரோகன்ட்ரோலரும் வந்தன. விலை குறையக் குறைய, கேசட்டை உள்ளே இழுப்பது, டேப்பைப் போர்த்துவது, பிரேக் விடுவது, ரப்பர் உருளையை அழுத்துவது என எல்லா வேலையையும் ஒரே மோட்டார், ஒரே பல்சக்கரத்தின் தலையில் கட்டினார்கள். நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். ஓடாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் ரப்பர் இறுகும், தளரும், சிலதில் தார் மாதிரி உருகிவிடும். கிரீஸ் மெழுகாகக் கட்டிவிடும்.

திருநெல்வேலியில் ஒரு மதியம்

எங்கள் வீட்டில் 1991-ல் நடந்த அத்தை கல்யாணத்தின் கேசட் ஒன்று இருக்கிறது. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். சட்டம் போட்ட படம் ஒன்று சுவரில் உண்டு. நடக்கிற, பேசுகிற தாத்தா இருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான். இரண்டாம் கையாக ஒரு டெக்கு கிடைத்தது. வேறு ஏதோ ஒரு படக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே போகும், உறுமும், வெளியே வரும், அணைந்துவிடும். தூக்கிக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன்.

"மெஷின் மேல கோவப்படாதிய தம்பி. டேப்பைக் காப்பாத்தத்தான் அது வெளிய தள்ளுது" என்றார் முதலிலேயே.

பொட்டி தட்டிப் பிழைக்கும் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. டெக்குக்குள் ஓடும் புரோகிராம் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி கேட்கிறது. சரியான பதில் குறித்த நேரத்துக்குள் வரவில்லையென்றால் 'வேண்டாம் சாமி' என்று டேப்பைச் சுருட்டி வெளியே அனுப்பிவிடுகிறது. எந்தக் கட்டத்தில் திரும்புகிறது என்று பார்த்தாலே பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

அண்ணாச்சி மூடியைக் கழற்றினார். உடனே டியூப் லைட்டை அணைத்துவிட்டு, டெக்கின் இரண்டு பக்கமும் கறுப்புத் துணியைப் போட்டார். கேசட்டின் நடுவிலிருக்கும் ஓட்டை வழியாக ஒரு விளக்கு மேலே வரும். டேப்பின் இரு முனையிலும் நிறமற்ற துண்டு உண்டு. அதன் வழியே வெளிச்சம் பாய்ந்து பக்கத்துச் சென்சாரில் பட்டால் 'டேப் முடிந்தது' என்று அர்த்தம். மூடி திறந்திருக்கும்போது அறை வெளிச்சமே அதை ஏமாற்றிவிடும். டெக்கைத் தானே பிரித்துப் பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து டேப் இல்லாத ஒரு வெற்றுக் கேசட்டை எடுத்தார். மேல் பக்கம் வெட்டப்பட்டிருந்தது. அதைப் போட்டால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். கேசட் இறங்கியது. தூண்கள் கிளம்பின. பாதி வழியில் நின்றன. மோட்டார் மட்டும் சுற்றியது. பெல்ட் வழுக்குகிறது. புது பெல்ட் மாட்டியதும் தூண்கள் கடைசிவரை போய் 'டக்' என்று உட்கார்ந்தன. அங்கே வி வடிவத்தில் ஒரு பிடிமானம் இருக்கும், அதில் தூண் அசையாமல் பொருந்த வேண்டும். டேப்பில் எழுதியிருக்கும் ஒவ்வொரு கோடும் 49 மைக்ரான் அகலம்தான், முடியைவிட மெல்லிசு. தூண் துளி பிசகினாலும் படத்தில் பட்டையாக இரைச்சல் வரும்.

இப்போது வேண்டாத பழைய கேசட் ஒன்றைப் போட்டார். படம் வந்தது. நாலே நொடி, மறுபடி நின்றுவிட்டது. காரணம், டேப்பைத் திரும்பச் சுருட்டும் ரீல் சுற்றவில்லை. ரீல் சுற்றினால் சென்சாரில் துடிப்பு வரும். வராவிட்டால் டேப் உள்ளேயே குவிகிறது என்று பொருள். நாலு நொடியில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் டேப் சுருட்டப்படாமல் தொங்கும். 'டெக்கு டேப்பைத் தின்னுடுச்சு' என்போமே, அது இதுதான். ரீலைச் சுற்றவைக்கும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதையும் மாற்றினார்.

கடைசியாக மோட் சுவிட்ச். பல்சக்கரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று புரோகிராமுக்குச் சொல்வது இந்தச் சின்ன வட்டுதான். அதன் செம்புத் தொடுப்புகள் கறுத்துப்போனால் தப்பான தகவல் போகும். எல்லா உறுப்பும் நன்றாக இருந்தும், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் டெக்கு முழிக்கும். பிரித்துத் துடைத்து மாட்டினார்.

வேண்டாத கேசட்டை முழுசாக ஓட்டிய பிறகுதான் எங்கள் கேசட்டைக் கையில் வாங்கினார். ஜன்னல் வழியாக வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு முறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, அப்புறம் பிளே.

கீழே கொஞ்சம் இரைச்சல் பட்டை. டிராக்கிங்கைத் திருகியதும் போனது. பந்தியில் தாத்தா நிற்கிறார். கேமரா தன் பக்கம் திரும்பியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போதும்ப்பா, சாப்பிடுறவங்கள எடு" என்கிறார். அவ்வளவுதான், பத்துப் பதினோரு நொடி. பக்கத்தில் நின்ற அப்பா, இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை. "முதல்ல அதை கம்ப்யூட்டர்ல ஏத்துடா" என்றார். ஏற்றினோம்.

கைகள் தீர்ந்துபோகின்றன

சோனி பீட்டாமேக்ஸ் இயந்திரம் செய்வதை 2002-லும், அதற்கான கேசட்டை 2016 மார்ச்சிலும் நிறுத்தியது. விஹெச்எஸ் டெக்கு செய்துகொண்டிருந்த கடைசிப் பெரிய நிறுவனம் ஜப்பானின் ஃபுனாய். அதுவும் 2016 ஜூலையோடு கடையைக் கட்டியது. 2015-ல் கூட ஏழரை லட்சம் டெக்கு விற்றிருந்தார்கள். விற்பனை குறைந்தது ஒரு காரணம் என்றால், உதிரி பாகங்கள் கிடைக்காதது இன்னொரு காரணம்.

ஆவணக் காப்பகங்கள் இதை முன்பே கணக்குப் போட்டுவிட்டன. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே 2025-ஐக் கெடுவாக வைத்து எச்சரித்தது. 2019-ல் யுனெஸ்கோவும் காந்த நாடாக்களுக்காக ஒரு எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. இருவரும் சொன்னதில் முக்கியமானது: டேப் பாழாவது பாதிதான், அதைப் படிக்கும் இயந்திரமும் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளும் இல்லாமல் போவது மீதிப் பாதி. கெடு தாண்டினால் ஒரே நாளில் எல்லாம் அழிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருஷமும் வேலை கஷ்டமாகும், செலவு ஏறும்.

ஆகவே மக்களே, பரணில் கேசட் இருந்தால் சில விஷயங்கள்:

1. டெக்கு துப்பினால் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் டெக்கைச் சந்தேகப்படுங்கள்.

2. பல வருஷம் ஓடாத டெக்கில் உங்கள் ஒரே கேசட்டை முதலில் போடவே போடாதீர்கள். வேண்டாத கேசட் ஒன்றை முழுசாக ஓட்டிப் பாருங்கள்.

3. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். டேப்பும் கெடும், ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

4. டேப் உள்ளே சிக்கினால் பிடித்து இழுக்காதீர்கள். கரண்ட்டை நிறுத்தி, மூடியைத் திறந்து, லோடிங் மோட்டாரைக் கையால் பின்பக்கம் மெதுவாகச் சுற்றினால் தூண்கள் தாமாகத் திரும்பி வரும்.

5. ஒரு தடவை ஓடினால் அந்தத் தடவையே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். 'அடுத்த லீவுல பார்த்துக்கலாம்' என்றால் அடுத்த லீவில் டெக்கு ஓட வேண்டுமே.

உங்கள் ஊரில் டெக்கு ரிப்பேர் பார்த்த ஒருவர் இன்னும் இருந்தால், கேசட்டை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள்.